இளவேனிலும் குறிப்பேடும்: கொபயாஷி இஸ்ஸாவின் வாழ்வில் அன்றாடப் பாவியற்றல்

முன்னுரை

தமிழில் ஹைக்கூ குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் 1916-ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் பாரதியார் எழுதிய ஜப்பானியக் கவிதை பற்றிய கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றன. அக்கட்டுரை முதன்மைப்படுத்திய பண்பு சொற்சுருக்கமாகும். பின்னர் வந்த திறனாய்வில் அதனோடு மற்றொரு கருத்தும் சேர்ந்துகொண்டது. இயற்கையில் ஒரு கணம் தோன்றி மறைவதைக் கவிஞன் அக்கணத்திலேயே பிடித்து வைப்பதே ஹைக்கூ என்பது அக்கருத்து. இதற்குச் சான்றாக மிகுதியும் எடுத்துக்காட்டப்படுவோருள் ஒருவர் கொபயாஷி இஸ்ஸா (1763–1828). ஈ, தவளை, நத்தை, சிட்டுக்குருவி ஆகியவற்றோடு உறவாடிய எளிய உள்ளத்தினர் என்பதே தமிழ் வாசகர் அறிந்த இஸ்ஸாவின் உருவம்.

இவ்வுருவம் பிழையானதன்று; ஆயினும் குறையுடையது. இஸ்ஸா ஏறத்தாழ 20,000 பாக்களை விட்டுச் சென்றவர். பாஷோ இயற்றியவை ஏறத்தாழ ஆயிரம். பூசோன் இயற்றியவை மூவாயிரத்தை ஒட்டியவை. இருபதாயிரம் என்னும் எண்ணைக் கணநேரத் தூண்டலால் மட்டும் விளக்கிவிட இயலாது. அதற்குப் பின்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் குறிப்பேடு வைத்து, வானிலையும் தங்கிய இடமும் எழுதி, மாத முடிவில் பாக்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் பதிவு செய்த ஓர் உழவர் வீட்டு மகனின் வழக்கம் அது. இஸ்ஸாவின் வாழ்க்கையை அக்குறிப்பேடுகளின் வழியே, குறிப்பாக அவற்றுள் மீண்டும் மீண்டும் வரும் இளவேனிற் பருவத்தின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம். அவருடைய பாக்களை எடுத்துக்காட்டாமல் அவை எழுந்த சூழலை மட்டுமே இங்கு எடுத்துரைக்க முற்பட்டுள்ளேன். பதினேழு அசைப் பாவை மொழிபெயர்ப்பில் முன்வைத்தவுடன் வாசகரின் கவனம் முழுவதும் அதன் மீதே சென்றுவிடுகிறது. அதனைச் சூழ்ந்த நாள்கள் மறைந்துபோகின்றன.

பெயர் பற்றி ஒரு குறிப்பு. இஸ்ஸாவின் காலத்தில் இப்பாவகை ஹொக்கு எனப்பட்டது. ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மசாவொகா ஷிகி. வழக்குக் கருதி இக்கட்டுரையில் ஹைக்கூ என்றே ஆளப்படுகிறது.

நாட்காட்டி இளவேனிலும் நிலத்து இளவேனிலும்

இஸ்ஸா 1763-ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ஷினானோ மாநிலத்தைச் சேர்ந்த கஷிவபரா என்னும் ஊரில் பிறந்தார். இன்று அது நாகனோ மாவட்டத்தில் ஷினானோ நகராட்சியின் பகுதியாக உள்ளது. இயற்பெயர் யதாரோ. தந்தை யகொஹெய் சொந்த நிலம் உடைய உழவர். ஊர் ஹொக்கொக்கு நெடுஞ்சாலையில் அமைந்த ஒரு தங்கலூர். அருகே குரொஹிமே மலையும் நொஜிரி ஏரியும் உள்ளன. ஜப்பானின் கடும்பனி பொழியும் பகுதிகளுள் ஒன்று அது.

பருவம் பற்றிய செய்தி இங்கு இன்றியமையாதது. இஸ்ஸா வாழ்ந்த காலத்து ஜப்பானில் வழங்கியது சந்திரனையும் சூரியனையும் இணைத்துக் கணித்த நாட்காட்டி. அதன்படி முதல் மூன்று மாதங்கள் இளவேனில். புத்தாண்டு நாளும் இளவேனிலின் முதல் நாளும் ஒன்றே. நம் கணக்கில் அது சனவரி இறுதிக்கும் பிப்ரவரி நடுவிற்கும் இடையே வரும். ஏதோ நகரிலோ கியோத்தோவிலோ அந்நாள்களில் பிளம் மரம் அரும்பத் தொடங்கியிருக்கும். கஷிவபராவிலோ வீட்டுக் கூரை பனியில் புதைந்திருக்கும். ஆக, இளவேனிலுக்குரிய பருவச்சொற்களான மூடுபனி, வில்லோ மரம், வடக்கே திரும்பும் வாத்துக்கூட்டம், தவளை, சிட்டுக்குருவிக் குஞ்சு, செர்ரி மலர் ஆகியவை தலைநகர்களின் நிலத்தை ஒட்டி வகுக்கப்பட்டவை. பனிநாட்டுக் கவிஞனுக்கு நாட்காட்டி சொல்லும் இளவேனில் ஒன்று. வாயிலுக்கு வெளியே உள்ள பருவம் வேறொன்று. 1873-இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறிய பின் புத்தாண்டு நடுக்குளிர் காலத்தில் வந்து விழுந்தது; எனவே பருவச்சொல் தொகுதிகள் புத்தாண்டுக்கென ஐந்தாவதாக ஒரு பிரிவை ஏற்படுத்திக்கொண்டன. இஸ்ஸாவுக்கு அந்த வசதி இல்லை. பனிக்குவியலின் நடுவில் இருந்துகொண்டே அவர் இளவேனிலைப் பாட வேண்டியிருந்தது.

தமிழ் அகமரபு அறிந்தோர்க்கு இந்த முரண் புதிதன்று. முல்லைப் பாடல்களில் கார் வந்துவிட்டதா இல்லையா என்பதே தலைவிக்கும் தோழிக்கும் இடையே வழக்காகிறது. ஐங்குறுநூற்றின் இளவேனிற் பத்தில் பருவம் வந்துவிடுகிறது. வர வேண்டியவன் வரவில்லை. பொழுதைக் குறிக்கும் சொல் அங்கு வெறும் பின்னணியாக நிற்பதில்லை, உரிப்பொருளோடு மோதுகிறது. இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் இஸ்ஸாவின் இளவேனிலைப் படிக்க அகமரபில் பயின்ற கண் உதவுகிறது.

மொழிபெயர்ப்பில் எழும் ஓர் இடர்ப்பாட்டையும் இங்குச் சொல்லிவிடலாம். தமிழில் பனி என்பது துளியாக நிற்கும் நீரையும் குறிக்கும். வெண்மையாய்ப் பொழிவதையும் குறிக்கும். ஜப்பானியப் பருவ ஒழுங்கில் பனித்துளி கூதிர்ப் பருவத்தை ஒத்த இலையுதிர் காலத்துக்கு உரியது. வெண்பனி குளிர்காலத்துக்கு உரியது. வெண்பனி உருகுதல் இளவேனிலுக்கு உரியது. மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் இஸ்ஸாவின் ஆண்டு முழுவதும் கலங்கிவிடும்.

வெளியேற்றம்

மூன்று வயதில் தாயை இழந்தார். பாட்டி வளர்த்தார். எட்டாம் வயதில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். இரண்டாண்டுகளில் தம்பி செனரோகு பிறந்தான். சிற்றன்னையோடு இணக்கம் ஏற்படவில்லை. பதினான்காம் வயதில் பாட்டியும் இறந்தார். அடுத்த ஆண்டு, 1777-இல், மூத்த மகனாகிய இஸ்ஸாவைத் தந்தை ஏதோ நகருக்கு வேலைக்கு அனுப்பினார். வழக்கப்படி நிலத்துக்கு உரிமை பூண வேண்டியவன் வெளியேற, வீட்டிலும் வயலிலும் தம்பி உழைக்கத் தொடங்கினான். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளின் பூசல் இங்கு விதைக்கப்பட்டது.

ஷினானோவிலிருந்து குளிர்காலத்தில் கூலி வேலைக்கு வருவோரை ஏதோ நகரத்தார் சாம்பல் நாகணவாய்ப் பறவைகள் என்று இழித்துரைப்பர். கூட்டமாய் வந்து, இரைச்சலிட்டு, தின்றுவிட்டுப் போகும் பறவைகள் என்பது பொருள். இஸ்ஸா அந்த வசையைப் பிற்காலத்தில் தம் பாவிலும் ஏற்றுக்கொண்டார். பறவைகளின்பால் அவர் காட்டிய பரிவைப் பேசுவோர் இதனையும் நினைவில் கொள்ள வேண்டும். பறவையின் பெயரால் அழைக்கப்பட்டவர் பறவையைப் பாடினார்.

ஏதோவில் கழிந்த முதற் பத்தாண்டு பற்றிய சான்றுகள் மிகக் குறைவு. அதன் முடிவில் அவர் கத்சுஷிகா மரபைச் சேர்ந்த சிகுவா என்னும் ஆசிரியரிடம் காணப்படுகிறார். பாஷோவின் நண்பர் யமகுச்சி சொதோவின் வழிவந்த மரபு அது. 1790-இல் சிகுவா இறந்தார். 1792 முதல் 1798 வரை இஸ்ஸா கியோத்தோ, ஒசாகா, ஷிகொக்கு, கியூஷூ ஆகிய பகுதிகளில் சுற்றினார். ஷிகொக்குவில் மத்சுயமா நகரில் குரித்தா சொதோ என்னும் கவிஞரின் விருந்தினராக இருந்தார். ஒரு கிண்ணத் தேநீர் என்னும் பொருள்படும் இஸ்ஸா என்ற புனைபெயரை அவர் தாங்கி நின்றதும் இக்காலப் பகுதியிலேதான். பாக்களை ஆண்டுவாரியாக ஏடுகளில் எழுதி வைக்கும் வழக்கமும் இப்பயண ஆண்டுகளிலேயே தென்படத் தொடங்குகிறது.

பருவம் தப்பிய பேரிக்காய்

1801-ஆம் ஆண்டு இஸ்ஸா ஊருக்குத் திரும்பியிருந்தபோது நான்காம் மாதத்தில் தந்தை காய்ச்சலில் வீழ்ந்தார். ஒரு மாதம் கழித்து இறந்தார். அந்நாள்களை இஸ்ஸா நாள்வாரியாக எழுதினார். தந்தையின் இறுதி நாள்கள் பற்றிய அக்குறிப்பு ஜப்பானிய உரைநடையில் தனியிடம் பெற்றது.

அதில் ஒரு நிகழ்ச்சி இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. நோயுற்ற தந்தை பேரிக்காய் கேட்கிறார். அது பேரிக்காய் கிடைக்கும் காலமன்று. மகன் விடியுமுன் புறப்பட்டு சென்கோஜி கோயில் நகர் வரை நடந்து கடைதோறும் தேடுகிறார். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்புகிறார். பெற்றோரின் விருப்பத்துக்காகப் பருவமல்லாத காலத்தில் பொருள் தேடி அலையும் பிள்ளைகளைப் பற்றிச் சீனத்து அறக்கதைகள் உண்டு. அவற்றில் பிள்ளையின் அன்புக்கு இயற்கை இரங்கி, கேட்டதை அளித்துவிடும். இஸ்ஸாவின் குறிப்பில் இயற்கை இரங்கவில்லை. பருவம் பருவமாகவே இருக்கிறது. அவரை இயற்கையின் செல்லப்பிள்ளையாகக் காட்டும் வாசிப்புகள் இந்நடையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் கருத்து.

தந்தை சொத்தை இரு மகன்களுக்கும் சமமாகப் பிரிக்கும்படி சொல்லிச் சென்றார். சிற்றன்னையும் தம்பியும் இசையவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது: இருபதாண்டுகளுக்கு மேல் அந்நிலத்தில் உழைத்துச் சொத்தைப் பெருக்கியவர்கள் அவர்கள். இஸ்ஸாவின் எழுத்தை மட்டும் கொண்டு அவர்களைக் கொடியோராகத் தீர்ப்பது ஒருதலைச் சான்றை ஏற்பதாகும். வழக்கு பன்னிரண்டு ஆண்டுகள் இழுபட்டது.

குறிப்பேடுகளின் அமைப்பு

இக்காலத்தில் இஸ்ஸா ஏதோ நகரில் வாடகைக் குடியிருப்பிலும், புரவலர் வீடுகளிலும், கிழக்கே ஷிமோஃபுசா, கசுசா பகுதிகளிலிருந்த மாணவர் ஊர்களிலும் மாறிமாறித் தங்கி வாழ்ந்தார். அசக்குசாவில் அரிசி வணிகத்தால் செல்வம் ஈட்டிய நத்சுமே செய்பி அவருடைய முதன்மைப் புரவலர். தாமும் சிறந்த கவிஞர். 1808-இல் பாட்டியின் 33-ஆம் நினைவு நாளை ஒட்டி ஊருக்குப் போய் நெடுநாள் தங்கித் திரும்பியபோது, இஸ்ஸாவின் குடியிருப்பு வேறொருவருக்கு விடப்பட்டிருந்தது. 1810-இல் செய்பியின் வீட்டில் பணம் காணாமற்போக, அங்கிருந்தோரோடு இஸ்ஸாவும் சில நாள்கள் வெளியே விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டார். நண்பரின் வீடாயினும் ஐயத்துக்கு ஏழை விலக்காவதில்லை. இந்நிகழ்ச்சி நமக்குத் தெரிவது, ஏழாம் குறிப்பேடு என வழங்கும் ஏட்டில் அவரே எழுதி வைத்திருப்பதால்.

அவ்வேடு 1810 முதல் 1818 வரையிலான ஒன்பது ஆண்டுகளுக்குரியது. அதில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பாக்கள் உள்ளன. சராசரியாக நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல். அதனைத் தொடர்வன எட்டாம் குறிப்பேடும் (1819–1821) ஒன்பதாம் குறிப்பேடும் (1822–1825). இப்பெயர்களே நோக்கத்தக்கவை. பாஷோவின் பயண நூல்களுக்குள்ளது போன்ற கவித்துவத் தலைப்புகள் இவற்றுக்கு இல்லை. வரிசை எண் மட்டுமே இருக்கிறது, கடைக் கணக்குப் புத்தகங்களுக்கு இருப்பது போல.

உள்ளடக்கமும் அத்தகையதே. வெயில், மழை, வெண்பனி என வானிலை; போன இடம், வந்த கடிதம், ஊரில் நடந்த கொலை, களவு, தீ; திருமணத்துக்குப் பின் இல்லற வாழ்வின் அந்தரங்கச் செய்திகளும் எண்ணிக்கையோடு. மாத முடிவில் சொந்த இருப்பிடத்தில் எத்தனை நாள், வெளியூரில் எத்தனை நாள், பாக்கள் எத்தனை என்ற கூட்டல். இவற்றோடு அம்மாதத்துப் பாக்கள். அவற்றுள் ஒரே பா சிற்சில சொல் மாற்றங்களோடு பலமுறை வருவதுண்டு. சில மிகச் சாதாரணமானவை. சில வெறும் பயிற்சி. தொகை நூலுக்குத் தேர்ந்தெடுப்பவர் இவற்றைக் கழித்துவிடுவார். கழிக்கப்படும் பகுதியில்தான் கவிஞரின் தொழில் முறை இருக்கிறது.

வீட்டின் பாதி

1812-ஆம் ஆண்டின் இறுதியில், குளிர்காலத்தில், இஸ்ஸா நிலையாகக் கஷிவபராவுக்குத் திரும்பி ஒரு வாடகை வீட்டில் தங்கினார். அடுத்த இளவேனிலின் முதல் மாதத்தில், ஊரிலிருந்த மியோசென்ஜி கோயில் குருவின் நடுவாண்மையில் வழக்கு முடிந்தது. நிலத்தில் பங்கு, சிறிதளவு பணம், தந்தையின் வீட்டில் பாதி ஆகியவை அவருக்குக் கிடைத்தன. வீடு உள்ளபடியே நடுவில் தடுத்துப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதியில் தம்பி குடும்பம். மறுபாதியில் ஐம்பத்தொரு வயது இஸ்ஸா.

1814-இல் கிகு என்னும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணை மணந்தார். அவ்வாண்டு இளவேனிலுக்குரிய பாக்களுள் உருகும் வெண்பனியும் ஊர்ச் சிறுவரும் சேர்ந்து வரும் ஒன்று இன்று உலகெங்கும் அறியப்பட்டது. அது ஏதோ நகரில் எழுந்திருக்க முடியாத பா. ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஊர் திறந்துகொள்ளும் நாளை, அவ்வூரில் மீண்டும் குடியேறியவரால் மட்டுமே எழுத முடியும். முப்பத்தைந்து ஆண்டுகள் தலைநகரின் பருவச்சொற்களை ஆண்டவர் இப்போது தம் ஊரின் இளவேனிலை, அதாவது தாமதமாக வருவதை, சேறும் சகதியுமாக வருவதை, பாவுக்குள் கொண்டுவரத் தொடங்கினார். இம்மாற்றத்தை ஏழாம் குறிப்பேட்டை முறையாகப் படிப்பதால் மட்டுமே உணர முடிகிறது.

முதல் மகன் செந்தாரோ 1816-ஆம் ஆண்டு நான்காம் மாதம் பிறந்தான். ஒரு மாதம் நிறையுமுன் இறந்தான். மெலிந்த தவளைக்கு ஊக்கமூட்டும் புகழ்பெற்ற பா அதே மாதத்தில் குறிப்பேட்டில் இடம்பெறுகிறது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் தவளைகள் மோதிக்கொள்வதைக் கண்டு எழுதியது அது. ஏதோவுக்கு அருகிலிருந்த தகெனொத்சுகாவில் கண்டது எனவும், ஒபுசே ஊரின் கன்ஷோயின் கோயில் குளத்தில் கண்டது எனவும் இரு மரபுகள் உள்ளன. நலிந்த குழந்தையை எண்ணியே தந்தை இவ்வாறு எழுதினார் என்று பலர் விளக்குவர். மாதம் பொருந்துவதால் அவ்விளக்கம் இயலாததன்று. ஆனால் நலிந்தவற்றின் பக்கம் நிற்கும் பாக்கள் அம்மகன் பிறப்பதற்கு முன்னரே அவரிடம் உள்ளன. பருவச்சொல்லின்படி தவளை இளவேனிலுக்குரியது. நாட்காட்டியின்படி நான்காம் மாதம் கோடையின் தொடக்கம். மலைநாட்டில் தவளை தாமதித்தே கத்தும். இங்கும் நாட்காட்டி ஒருபுறமும் நிலம் ஒருபுறமும் நிற்கின்றன.

1819: இருவேறு ஏடுகள்

இரண்டாவது குழந்தை சாதோ 1818-ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் பிறந்தாள். அக்கால ஜப்பானிய வழக்கில் பிறந்தவுடன் ஒரு வயது. பிறகு புத்தாண்டுதோறும் அனைவர்க்கும் ஒரு வயது கூடும். ஆக 1819-ஆம் ஆண்டு இளவேனிலின் முதல் நாளில் எட்டு மாதக் குழந்தையாகிய சாதோவுக்கு இரண்டு வயது. அன்று வளர்ந்தோர்க்கு வைப்பது போலவே அவளுக்கும் ஒரு முழுப் புத்தாண்டு உணவை இஸ்ஸா முன்னே வைத்தார். அதே ஆண்டு ஆறாம் மாதம் 21-ஆம் நாள் அவள் பெரியம்மையால் இறந்தாள்.

இவ்வோராண்டைப் பொருளாகக் கொண்டதே என் இளவேனில் எனப் பொருள்படும் ஒரகா ஹரு. தொடக்கப் பாவிலிருந்து பெற்ற பெயர் அது. அதில் வரும் தன்மைச் சொல் கற்றோர் வழக்குச் சொல்லன்று, நாட்டுப்புறத்தார் பேச்சுக்குரியது. நூல் புத்தாண்டில் தொடங்குகிறது. வாயிலில் பைன் கிளை கட்டாமல், தூசி தட்டாமல், மலையடிவாரத்துக் குடிசை இருந்தபடியே இளவேனிலை எதிர்கொள்வதாக இஸ்ஸா சொல்கிறார். ஷின்ரான் வகுத்த தூய நிலப் பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுடையவர் அவர். தன் முயற்சியைக் கைவிட்டு அமிதாவின் அருளிடம் ஒப்படைத்தல் அந்நெறியின் அடிப்படை. வருவது எதுவோ அதுவே தம் இளவேனில் என்ற தொடக்கம் அந்நெறியோடு இயைந்தது. பிறகு குழந்தையின் விளையாட்டு, நோய், இறப்பு. நூல் ஆண்டிறுதியில், மீண்டும் அருளிடம் ஒப்படைக்கும் சொல்லோடு நிறைவுறுகிறது.

இதனை நேரடி நாட்குறிப்பாகப் படிப்போர் உண்டு. ஆனால் அதே ஆண்டுக்குரிய அன்றாடப் பதிவு எட்டாம் குறிப்பேட்டில் தனியே உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரகா ஹரு திட்டமிட்டுத் தொகுக்கப்பட்டது என்பதும், பிற ஆண்டுகளின் பாக்களும் செய்திகளும் இவ்வாண்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன என்பதும் தெளிவாகும்.

இதில் மிக முதன்மையான சான்று சாதோவின் மரணத்தை ஒட்டி நூலில் இடம்பெறும் பனித்துளிப் பா. உலகின் நிலையாமையை ஒப்புக்கொண்டும் அதில் அடங்க மறுத்தும் நிற்கும் அப்பா, மகளின் உடலருகே வெடித்தெழுந்த சொல்லாகவே உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஆனால் அதன் முந்தைய வடிவம் 1817-இல், சாதோ பிறப்பதற்கு முன்பே, ஏழாம் குறிப்பேட்டில் காணப்படுகிறது. முந்தைய ஆண்டு இறந்த மூத்த மகனின் நினைவோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. மகளின் மரணத்தின்போது ஒரு சொல்லை மாற்றி அப்பாவை இஸ்ஸா மீண்டும் கையில் எடுத்தார்.

இச்செய்தி அறிந்தபின் அத்துயரத்தின் உண்மை குறைந்துவிடுகிறதா என்று கேட்கலாம். குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. கணநேர வெளிப்பாடே உண்மையானது, திருத்தி எழுதியது செயற்கையானது என்ற அளவுகோலை நாம் முன்கூட்டியே வைத்திருந்தால் மட்டுமே இங்குச் சிக்கல் எழும். ஒரு குழந்தைக்காக எழுதிய சொல் மற்றொரு குழந்தைக்கும் தேவைப்பட்டது. குறிப்பேடு வைத்திருந்தவரிடம் அச்சொல் இருந்தது. சங்கப் பாடல்களின் தொடர்களும் பொழுதுகளும் மரபிலிருந்து பெறப்பட்டவை என்பதால் அவற்றின் உணர்ச்சி பொய்யாகிவிடுவதில்லை என்று தமிழாய்வு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஹைக்கூவை மட்டும் அந்நெறிக்கு விலக்காகக் கொள்ளக் காரணம் இல்லை.

பிந்தைய இளவேனில்கள்

1820-ஆம் ஆண்டு பத்தாம் மாதம் இஸ்ஸா பனிப்பாதையில் விழுந்து வாதநோய்க்கு உள்ளானார்; ஓரளவு தேறினார். அதே மாதம் பிறந்த மகன் இஷிதாரோ அடுத்த ஆண்டின் முதல் மாதத்தில், நாட்காட்டி இளவேனில் என்று குறித்த நாள்களில், தாயின் முதுகில் கட்டப்பட்டிருந்தபோது மூச்சடைத்து இறந்தான். கல்லைப் போல் உறுதியாக வாழட்டும் என்று கல் என்னும் பொருள்பட வைத்த பெயர் அது. இம்மரணத்தில் இஸ்ஸா மனைவியைக் கடுமையாகக் குறை கூறி எழுதினார். சிற்றுயிர்களிடம் காட்டிய பரிவை அங்கே அவர் காட்டவில்லை. 1822-இல் கொன்சபுரோ பிறந்தான். 1823-ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் கிகு இறந்தார்; ஆண்டு முடிவதற்குள் அக்குழந்தையும் இறந்தது. நான்கு குழந்தைகளும் தாயும் எட்டாண்டுகளுக்குள் மறைந்தனர்.

இவ்வாண்டுகளிலும் குறிப்பேடு நிற்கவில்லை. இளவேனில்தோறும் பிளம், செர்ரி, பூனைகளின் காதல், குருவிக் குஞ்சு எனப் பருவச்சொற்கள் முறைப்படி வருகின்றன. இதனை மன உறுதி என்று போற்றுவது எளிது. பழக்கம் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வயலுக்குப் போவதை உழவர் துயரத்தின் பொருட்டு நிறுத்துவதில்லை. மேலும் அவர் மாணவர்களைத் தேடிச் சென்று கற்பித்துப் பிழைத்தவர். பா அவருக்குத் தொழிலும் ஆகும்.

1824-இல் யுகி என்பவரை மணந்தார். சில மாதங்களிலேயே பிரிந்தனர். 1826-இல் யாவோவை மணந்தார். 1827-ஆம் ஆண்டு கோடையில் ஊரில் பரவிய தீயில் வீடு எரிந்தது. பிரிக்கப்பட்ட பாதிவீடும் போயிற்று. மண்சுவரால் ஆன சேமிப்பு அறை மட்டும் எஞ்சியது. இருவரும் அதில் குடிபுகுந்தனர். அங்கேயே பதினோராம் மாதம் 19-ஆம் நாள், இன்றைய கணக்கில் 1828 சனவரி 5 அன்று, இஸ்ஸா இறந்தார். அவர் எதிர்பார்த்திருந்த இளவேனில் தொடங்க ஒன்றரை மாதத்துக்குக் குறைவாகவே இருந்தது. அவ்வாண்டு யாவோவுக்கு யதா என்னும் மகள் பிறந்தாள். தந்தையைக் காணாத அம்மகளே உயிர்தரித்துக் குடும்பத்தைத் தொடர்ந்தவள். அச்சேமிப்பு அறை இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

ஏடுகள் சென்ற வழி

ஒரகா ஹரு இஸ்ஸாவின் வாழ்நாளில் வெளிவரவில்லை, 1852-இல் அச்சேறியது. எட்டாம் குறிப்பேட்டின் மூல ஏடு இன்று இல்லை. அன்பர்கள் எடுத்த படிகளின் வழியே அது கிடைக்கிறது. படிகளுக்கிடையே வேறுபாடுகளும் உள்ளன. பாடவேறுபாட்டாய்வில் பயின்ற தமிழாய்வாளர்க்கு இந்நிலை பழக்கமானதே.

1897-இல் மசாவொகா ஷிகி இஸ்ஸாவின் பாக்களை மதிப்பிட்டு எழுதியபோது நகைச்சுவை, அங்கதம், பரிவு ஆகிய மூன்றையும் அவருடைய சிறப்பியல்புகளாகச் சுட்டினார். இஸ்ஸாவுக்கு முன்னொரு காலத்தில் இடமளித்த மத்சுயமாவே ஷிகியின் பிறந்த ஊர். அவர் சுட்டிய மூன்றும் சரியானவையே. ஆனால் அவை தேர்ந்தெடுத்த பாக்களிலிருந்து பெற்ற இயல்புகள். பின்வந்த தொகுப்புகளும் பிறமொழி ஆக்கங்களும் அம்மூன்றுக்கும் பொருந்துவனவற்றையே மீண்டும் மீண்டும் தேர்ந்தன. தமிழுக்கு வந்து சேர்ந்த இஸ்ஸாவும் அத்தேர்வின் வழியே வந்தவர். ஆண்டும் மாதமும் நீங்கிய நிலையில் தவளையும் ஈயும் நத்தையும் மட்டும் நம்மிடம் வந்துள்ளன. ஏழாம் குறிப்பேட்டின் ஓர் இளவேனிலை, எடுத்துக்காட்டாக வழக்கு முடிந்த 1813-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களை, வானிலைக் குறிப்பும் மாத முடிவுக் கூட்டலும் சாதாரணப் பாக்களும் உட்பட எதையும் கழிக்காமல் ஜப்பானிய மூலத்திலிருந்து தமிழாக்குவது ஓர் ஆய்வேட்டின் எல்லைக்குள் அடங்கக்கூடிய பணியே.